கம்பி இல்லாமல் எரியும் விளக்கு

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகப் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், வெள்ளைத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அவன் முன்னே தாமிரக் கம்பியால் சுற்றிய இரண்டு வளையங்கள். ஒரு வளையத்துடன் இரண்டு பென்சில் செல்களும் ஒரு டிரான்சிஸ்டரும் இணைக்கப்பட்டிருந்தன. அது மேசைமேல் படுத்துக் கிடந்தது. மற்றொரு வளையம் அவன் கையில் இருந்தது. அதன் முனைகளில் ஒரு சிறிய சிவப்பு எல்.இ.டி. விளக்கு மட்டுமே. செல் கிடையாது, முதல் வளையத்துடன் எந்த இணைப்பும் கிடையாது.

"இந்த வளையத்தை அதன்மேல் பிடித்தால் விளக்கு எரியும் சார்" என்றான். பிடித்தான். எரியவில்லை. வளையத்தைத் திருப்பிப் பிடித்தான். செல்களை அழுத்திப் பார்த்தான். ஒட்டியிருந்த கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். "வீட்டில் எரிந்தது சார், காலையில்கூட எரிந்தது" என்றான். குரல் கம்மிவிட்டது. எனக்கு இன்னும் பல மேசைகள் பாக்கி இருந்தன. என் தாளில் 'இயங்கவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தேன்.

அவனுடைய கருவியில் ஒரு குறையும் இல்லை. அது ஏன் அங்கே இயங்கவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்குள் நீங்களே கண்டுபிடித்துவிட்டால், என்னைவிட நல்ல நடுவர் நீங்கள்தாம். துப்பு ஒன்று மேலே இருக்கிறது. முதலில் அந்தக் கருவியை நாமும் செய்து பார்ப்போம்.

ஃபாரடேயின் இரும்பு வளையம்

1831ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள். லண்டன் ராயல் கழகத்தில் மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தை எடுத்து, அதன் ஒரு பக்கத்தில் ஒரு கம்பிச்சுருளையும் மறு பக்கத்தில் இன்னொரு கம்பிச்சுருளையும் சுற்றினார். இரண்டு சுருள்களும் ஒன்றையொன்று தொடாதபடி நூலும் துணியும் வைத்துச் சுற்றப்பட்டிருந்தன. ஒன்றை மின்கல அடுக்குடன் இணைத்தார். மற்றதிலிருந்து சென்ற கம்பியின் அருகே ஒரு காந்த ஊசியை வைத்தார்.

மின்கலத்தை இணைத்த கணத்தில் ஊசி துள்ளியது. பிறகு அடங்கி, பழைய நிலைக்கே வந்துவிட்டது. மின்கலத்தைத் துண்டித்த கணத்தில் மீண்டும் ஒரு துள்ளல். இடைப்பட்ட நேரத்தில், மின்னோட்டம் நன்றாகப் பாய்ந்துகொண்டிருந்தபோதும், ஊசி அசையவே இல்லை!

இந்தத் துள்ளலில்தான் நம் கருவியின் இரகசியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. காந்தப் புலம் இருந்தால் மட்டும் போதாது, அது மாறிக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவு அதிக மின்னழுத்தம் இரண்டாவது சுருளில் தோன்றும். இதையே மின்காந்தத் தூண்டல் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள்.

ஆகவே ஒரு செல்லைக் கம்பிச்சுருளில் இணைத்துவிட்டு, அருகில் விளக்குச் சுருளைப் பிடித்தால் பயனில்லை. செல் தருவது ஒரே திசையில் ஒரே அளவாகப் பாயும் மின்னோட்டம். அதை யாராவது ஓயாமல் இணைத்தும் துண்டித்தும் கொண்டிருக்க வேண்டும். அதுவும் வினாடிக்கு ஐந்து பத்து முறை அல்ல, இலட்சக்கணக்கான முறை. மனிதக் கையால் முடியாத இந்த வேலையை ஒரு டிரான்சிஸ்டர் அலுப்பில்லாமல் செய்யும்.

தேவையான பொருள்கள்

எனாமல் பூச்சுள்ள தாமிரக் கம்பி, 24 கேஜ், 15 மீட்டர். மோட்டார் காயில் கட்டும் கடைகளில் இதை எடை போட்டு விற்பார்கள். 50 கிராம் வாங்கினால் போதும், சிறிது மிஞ்சும். 2என்2222 என்ற எண்ணுள்ள டிரான்சிஸ்டர் ஒன்று. 4.7 கிலோ ஓம் மின்தடையாக்கி ஒன்று (மஞ்சள், ஊதா, சிவப்புப் பட்டைகள் இருக்கும்). சிவப்பு எல்.இ.டி. ஒன்று. பென்சில் செல் இரண்டும் அவற்றை வைக்கும் பிளாஸ்டிக் கூடும். பழுதான ரேடியோ, பொம்மை ஏதாவது வீட்டில் இருந்தால் பாதிப் பொருள்கள் அதிலேயே கிடைத்துவிடும்.

வீட்டுச் சுவரில் உள்ள மின்சாரத்துடன் இந்தக் கருவியை எந்தக் காரணத்துக்காகவும் இணைக்கக் கூடாது. இதற்கு வேண்டியது 3 வோல்ட்டு மட்டுமே. செல்போன் சார்ஜரின் கம்பியை வெட்டி இணைக்கலாமா என்றும் கேட்காதீர்கள்.

சுருள் சுற்றும் முறை

சுமார் 8 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு புட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பியின் தொடக்க முனையை ஒரு விரற்கடை நீளம் வெளியே விட்டுவிட்டு, 15 சுற்றுகள் சுற்றுங்கள். இந்தத் தொடக்க முனைக்கு 'அ' என்று பெயர் வைப்போம். பதினைந்தாவது சுற்று முடிந்ததும் கம்பியை வெட்டாமல், ஒரு சிறு கண்ணி போல வெளியே இழுத்து முறுக்கிக்கொள்ளுங்கள். இது 'ஆ'. பிறகு அதே திசையில் மேலும் 15 சுற்றுகள் சுற்றி முடியுங்கள். கடைசி முனை 'இ'.

அதே திசையில் என்பதை இரண்டு முறை சொன்னதாக நினைத்துக்கொள்ளுங்கள். என் மாணவர்கள் செய்து கொண்டு வரும் சுருள்களில், கண்ணி போட்ட பிறகு திசை மாறிச் சுற்றியவை பல. அப்படிச் சுற்றினால் கருவி ஒருநாளும் இயங்காது.

சுருளைப் புட்டியிலிருந்து மெதுவாகக் கழற்றி, நான்கு இடங்களில் நூலால் கட்டிவிடுங்கள். இதுவே முதன்மைச் சுருள். மீதிக் கம்பியில், கண்ணி எதுவும் இல்லாமல், 30 சுற்றுகள் கொண்ட இன்னொரு வளையம் செய்யுங்கள். அது துணைச் சுருள். அதன் இரு முனைகளையும் எல்.இ.டி.யின் இரு கால்களில் இணைத்துவிட்டால் அந்தப் பக்கத்து வேலை முடிந்தது.

இணைப்பதற்கு முன் கம்பி முனைகளில் உள்ள எனாமலைப் பிளேடாலோ உப்புக் காகிதத்தாலோ நன்றாகச் சுரண்டி, தாமிரம் பளபளவென்று தெரியும்படி செய்ய வேண்டும். எனாமலும் தாமிரமும் ஏறக்குறைய ஒரே நிறத்தில் இருப்பதால் சுரண்டியதுபோலத் தோன்றும், சுரண்டியிருக்காது. 'ஆ' கண்ணியில் இரண்டு கம்பிகள் இருக்கின்றன. இரண்டையும் சுரண்டுங்கள்.

இணைப்பு

டிரான்சிஸ்டருக்கு மூன்று கால்கள்: உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான். உலோகத் தொப்பி போட்ட 2என்2222 ஆக இருந்தால், தொப்பியின் ஓரத்தில் சிறு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு அருகில் உள்ள கால் உமிழ்ப்பான், நடுவில் இருப்பது அடிவாய், மற்றது ஏற்பான். கறுப்புப் பிளாஸ்டிக்கில் வருபவற்றில் கால்களின் வரிசை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டு, ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

முனை 'அ'வை ஏற்பானுடன் இணையுங்கள். கண்ணி 'ஆ'வைச் செல் கூட்டின் நேர்முனையுடன் இணையுங்கள். முனை 'இ'யை மின்தடையாக்கியின் ஒரு காலிலும், மின்தடையாக்கியின் மறு காலை அடிவாயிலும் இணையுங்கள். உமிழ்ப்பானைச் செல்லின் எதிர்முனையுடன் இணையுங்கள். அவ்வளவுதான். சால்டர் வைத்துப் பற்றவைத்தால் உறுதியாக இருக்கும். முறுக்கி இணைத்தாலும் வேலை செய்யும்.

செல்களைப் போட்டுவிட்டு, துணைச் சுருளை முதன்மைச் சுருளின்மேல் நேராகக் கொண்டு வாருங்கள். விளக்கு எரிகிறதா? எரிந்தால் மெதுவாக மேலே தூக்குங்கள். இடையில் உங்கள் உள்ளங்கையை நுழையுங்கள். புத்தகத்தை வையுங்கள். தண்ணீர் நிரம்பிய கண்ணாடிப் பாத்திரத்தை வையுங்கள். விளக்கு இவற்றையெல்லாம் பொருட்படுத்தாது.

இனி துணைச் சுருளைத் தோசையைத் திருப்புவதுபோல மறுபுறம் திருப்பிப் போடுங்கள். ஒளி கூடவோ குறையவோ செய்யும். ஏன் என்பது கருவி இயங்கும் விதத்தைப் பார்த்தால் விளங்கும்.

உள்ளே என்ன நடக்கிறது?

செல்லை இணைத்ததும், 'ஆ'விலிருந்து 'இ' வழியாகவும் மின்தடையாக்கி வழியாகவும் ஒரு சிறு மின்னோட்டம் அடிவாய்க்குள் நுழைகிறது. கதவு சற்றே திறக்கிறது. உடனே 'ஆ'விலிருந்து 'அ' வழியாக ஏற்பானுக்குப் பெரிய மின்னோட்டம் பாயத் தொடங்குகிறது. அதனால் சுருளைச் சுற்றிக் காந்தப் புலம் வளர்கிறது.

வளரும் புலம் சுருளின் மறுபாதியிலும் மின்னழுத்தத்தைத் தூண்டும் அல்லவா? இரு பாதிகளையும் ஒரே திசையில் சுற்றியிருப்பதால், தூண்டப்பட்ட மின்னழுத்தம் செல்லின் மின்னழுத்தத்தோடு சேர்ந்துகொண்டு, அடிவாய்க்குள் மேலும் மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. கதவு இன்னும் அகலத் திறக்கிறது. ஆனால் எந்த டிரான்சிஸ்டரும் அடிவாய் மின்னோட்டத்தின் குறிப்பிட்ட மடங்குக்குமேல் விடாது. அந்த எல்லையை எட்டியதும் மின்னோட்டம் வளர்வது நிற்கிறது. வளர்ச்சி நின்றால் தூண்டலும் நின்றுபோகும். ஃபாரடேயின் ஊசியை நினைவுகொள்ளுங்கள். அடிவாய்க்குக் கிடைத்த உதவி மறைகிறது, கதவு மூடத் தொடங்குகிறது, மின்னோட்டம் குறைகிறது. புலம் குறையும்போது தூண்டல் எதிர்த்திசையில் திரும்பி, அடிவாயை ஒரேயடியாக மூடிவிடுகிறது. புலம் சரிந்து முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

இத்தனையும் நடந்து முடிய ஒரு வினாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கோ சில பங்குகளோதான் ஆகும். புலம் வளரும்போது அதன் வேகத்தைச் செல்லின் 3 வோல்ட்டு கட்டுப்படுத்துகிறது. சரியும்போது அந்தக் கட்டுப்பாடு இல்லை. சட்டென்று சரிகிறது, அதனால் பெரிய உதை கிடைக்கிறது. எல்.இ.டி. ஒரே திசையில்தான் மின்னோட்டத்தை விடும். ஆகவே துணைச் சுருளை ஒரு பக்கமாக வைத்தால் மென்மையான தள்ளலையும், திருப்பி வைத்தால் பெரிய உதையையும் அது பெறுகிறது. தோசையின் இரகசியம் இதுதான்.

ஒரு சிறு கேள்வி: 'அ', 'இ' முனைகளை இடம் மாற்றி இணைத்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, கருவி முன்போலவே இயங்கும். ஏன் என்று தாளில் படம் போட்டுப் பாருங்கள்.

விளக்கு எரியாவிட்டால்

பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றை மத்திய அலை வரிசையில் வைத்து, நிலையம் எதுவும் இல்லாத இடத்துக்கு முள்ளைத் திருப்பிவிட்டுக் கருவியின் அருகே கொண்டு வாருங்கள். செல்லை இணைக்கும்போதும் எடுக்கும்போதும் ரேடியோவின் இரைச்சல் மாறினால், முள்ளைத் திருப்பும்போது ஆங்காங்கே சீழ்க்கை கேட்டால், முதன்மைச் சுருள் இயங்குகிறது என்று பொருள். கோளாறு துணைச் சுருளில். ரேடியோவில் மாற்றமே இல்லை, டிரான்சிஸ்டர் மட்டும் சூடாகிறது என்றால் சுருளின் பாதியைத் திசை மாற்றிச் சுற்றிவிட்டீர்கள். இரண்டும் இல்லையென்றால் எனாமல்.

ரேடியோ இப்படிக் கத்துவதில் நமக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. நம் கருவி ஒரு சிறிய இடையூறு நிலையம். சில அடி தூரத்துக்குமேல் அதன் சத்தம் போகாது. ஆனால் அதற்கு ஏரியல் கம்பி கட்டுவதும் செல்களை அடுக்கிக்கொண்டே போவதும் அடுத்தவர் வானொலி கேட்பதைக் கெடுக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் கருவி பொருத்திக்கொண்டவர் அருகிலும் இதை இயக்க வேண்டாம்.

தூரத்தின் கணக்கு

விளக்குச் சுருளை மேலே தூக்கத் தூக்க ஒளி மங்குகிறது. எவ்வளவு விரைவாக மங்குகிறது தெரியுமா? இதற்கு அழகான ஒரு கணக்கு உண்டு. தூரத்தைச் சென்டிமீட்டரால் அளக்காதீர்கள். சுருளின் ஆரத்தால் அளவுங்கள். நம் சுருளின் ஆரம் 4 சென்டிமீட்டர்.

சுருளின் மையத்தில் ஒரு சிறிய வாங்கிச் சுருளை வைத்து, அதற்குக் கிடைக்கும் திறனை 1 என்று கொள்வோம். அச்சின் வழியே ஓர் ஆரத் தூரம், அதாவது 4 சென்டிமீட்டர், தூக்கினால் அது எட்டில் ஒரு பங்காகிவிடும். இரண்டு ஆரத் தூரத்தில் 125இல் ஒரு பங்கு. மூன்று ஆரத் தூரத்தில் 1000இல் ஒரு பங்கு! தூரத்தின் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டி, அதன் கனத்தைக் கண்டால் இந்த எண்கள் வரும்: 2இன் கனம் 8, 5இன் கனம் 125, 10இன் கனம் 1000. நம் துணைச் சுருள் முதன்மைச் சுருளின் அளவே பெரிதாக இருப்பதால் எண்கள் சற்றே மாறும். ஆனால் போக்கு இதுதான். செல்போனைச் சார்ஜ் செய்யும் தட்டின்மேல் போனை ஒட்டி வைக்க வேண்டியிருப்பது இதனால்தான். அங்கும் தட்டுக்குள் ஒரு சுருள், போனுக்குள் ஒரு சுருள். அதிர்வெண் பெரும்பாலும் 100 முதல் 200 கிலோஹெர்ட்ஸ்.

மெட்ரோ ரயில் நிலையத்தில் பயண அட்டையை வாயிலில் காட்டும்போதும் இதுவே நடக்கிறது. அந்த அட்டைக்குள் செல் எதுவும் கிடையாது. ஓரத்தைச் சுற்றி ஒரு மெல்லிய சுருளும் ஒரு சில்லும் மட்டுமே உண்டு. வாயிலில் உள்ள சுருள் 13.56 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அதற்கு ஆற்றல் ஊட்டி, விழிக்கச் செய்து, கணக்கைக் கேட்டுக்கொள்கிறது.

கையில் பல்பைப் பிடித்தால் அது எரிவதாகவும், செலவே இல்லாத மின்சாரம் கிடைத்துவிட்டதாகவும் காட்டும் படங்கள் செல்போனில் உலவுகின்றன. உங்கள் கருவியே அதற்கு விடை சொல்லும். செல்லிலிருந்து போகும் மின்னோட்டத்தை மல்டிமீட்டரால் அளந்து 3ஆல் பெருக்குங்கள். 50 மில்லி ஆம்பியர் என்றால் 150 மில்லி வாட்டு. எல்.இ.டி.யில் 5 மில்லி ஆம்பியர் பாய்ந்தால், அதன் மின்னழுத்தம் சுமார் 1.8 வோல்ட்டு என்பதால், அதற்குக் கிடைப்பது 9 மில்லி வாட்டு மட்டுமே. மீதி எங்கே? பெரும்பகுதி டிரான்சிஸ்டரையும் மின்தடையாக்கியையும் கம்பியையும் சூடாக்கிவிட்டது. கம்பியை நீக்கியதற்கு நாம் கொடுக்கும் விலை அது.

கோபுரம் கட்டிய டெஸ்லா

இந்த விலை தெரிந்தோ தெரியாமலோ ஒருவர் உலகம் முழுவதற்கும் கம்பியில்லாமல் மின்சாரம் அனுப்பக் கனவு கண்டார். நிக்கோலா டெஸ்லா 1891இல் நியூயார்க்கின் கொலம்பியா கல்லூரியில் பொறியாளர்கள் முன் உரையாற்றியபோது, வாயு நிரப்பிய கண்ணாடிக் குழல்களை எந்தக் கம்பியும் இணைக்காமல் கையில் பிடித்தே ஒளிரச் செய்தார். 1899இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் பெரிய சுருள்களைக் கட்டி ஆராய்ந்தார். 1901இல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் வார்டன்கிளிஃப் கோபுரத்தைத் தொடங்கினார். சுமார் 57 மீட்டர் உயரம். பணம் கொடுத்தவர் ஜே. பி. மார்கன். பிறகு பணம் வருவது நின்றது. கோபுரம் தன் வேலையைத் தொடங்காமலேயே 1917இல் இடித்துத் தள்ளப்பட்டது. டெஸ்லாவின் சுருள்களில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அந்தக் கோபுரத்தின் கணக்கில் மட்டும் இல்லை.

ஆனால் அவர் நம்பிய ஒரு கருத்து வீணாகவில்லை. அதுதான் ஒத்ததிர்வு. ஆய்வகத்தில் சுரமானிக் கம்பியின்மேல் மடித்த காகிதத் துண்டை ஏற்றிவைத்து, இசைக்கவையை அதிரச் செய்து பெட்டியில் ஊன்றியிருப்பீர்கள். நீளம் சரியாக அமைந்தால் காகிதம் துள்ளிக் கீழே விழும், இல்லாவிட்டால் அசையாது. கம்பிச்சுருளும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்தால் அவற்றுக்கும் அப்படி ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மரின் சோல்யாசிச் என்ற இயற்பியலாளர், சார்ஜ் தீர்ந்துவிட்டதென்று நள்ளிரவில் கூவி எழுப்பிய தன் செல்போனால் எரிச்சலுற்று இந்த ஆராய்ச்சியில் இறங்கியதாகச் சொல்வார். 2007இல் அவர் குழு 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு தாமிரச் சுருள்களைச் சுமார் 10 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிரச் செய்து, 2 மீட்டர் தூரத்தில் 60 வாட்டு பல்பை எரித்துக் காட்டியது. ஆறு ஏழு ஆரத் தூரம்! சுருளிலிருந்து சுருளுக்குச் சென்று சேர்ந்தது சுமார் 40 சதவீதம்.

நாமும் சிறிய அளவில் முயலலாம். நம் துணைச் சுருளின் தூண்டல் எண் ஏறத்தாழ 120 மைக்ரோஹென்றி. அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே, எல்.இ.டி.க்கு இணையாக, 220 பிகோஃபாரடு மின்தேக்கி ஒன்றைச் சேர்த்தால் இயல்பு அதிர்வெண் சுமார் 980 கிலோஹெர்ட்ஸ் ஆகும். உங்கள் முதன்மைச் சுருள் எந்த அதிர்வெண்ணில் துடிக்கிறதோ அதைப் பொறுத்து மின்தேக்கி வேறுபடும். எனவே 100, 220, 470, 1000 பிகோஃபாரடு என நான்கு சிறு பீங்கான் மின்தேக்கிகள் வாங்கி (மேலே 101, 221, 471, 102 என்று அச்சிட்டிருக்கும்), ஒவ்வொன்றாக வைத்து, விளக்கு அணையும் உயரத்தை அளவுகோலால் அளந்து குறியுங்கள். ஏதோ ஒன்றில் உயரம் மற்றவற்றைவிடக் கூடும். இரண்டை இணையாகச் சேர்த்து இடைப்பட்ட மதிப்புகளையும் பெறலாம்.

மேசையின் கதை

இனி அந்தக் கண்காட்சிக்கு வருவோம். மாலையில் பரிசுப் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தபோது, அந்த மாணவன் தாழ்வாரப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தான். கருவி அவன் மடியில் இருந்தது. சிவப்பு விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

நான் அருகே போய் உட்கார்ந்தேன். "தம்பி, வீட்டில் எதன்மேல் வைத்துச் செய்தாய்?" என்று கேட்டேன். "தரையில் சார், பாய்மேல்" என்றான். இருவரும் எழுந்து அவன் மேசைக்குப் போய், வெள்ளைத் துணியைத் தூக்கிப் பார்த்தோம். அடியில் இரும்புத் தகடு. அலுவலகத்தில் கிடக்கும் ஸ்டீல் மேசை ஒன்றை இடம் போதாமல் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.

மாறும் காந்தப் புலம் கம்பிச்சுருளில் மட்டுமா மின்னோட்டத்தைத் தூண்டும்? எதிர்ப்படும் எந்த உலோகத்திலும் தூண்டும். தகட்டில் அது நீர்ச்சுழிபோல வட்டமிட்டுப் பாய்வதால் சுழல் மின்னோட்டம் என்கிறோம். லென்சு விதிப்படி, அந்தச் சுழல் மின்னோட்டம் தன்னைப் பிறப்பித்த புலத்தை எதிர்க்கும் புலம் ஒன்றை உண்டாக்கும். சுருள் கொடுத்ததை மேசை அழித்துவிட்டது. செல்லின் ஆற்றல் தகட்டை இம்மியளவு சூடாக்குவதில் போய்விட்டது. இண்டக்ஷன் அடுப்பில் பாத்திரம் சூடாவதும் இப்படித்தான். அங்கே பாத்திரம்தான் நமக்கு வேண்டிய துணைச் சுருள். இங்கே மேசை, அழைக்காமல் வந்த விருந்தாளி. செல்போன் சார்ஜர்களில் சுருளுக்குப் பின்னால் ஃபெரைட் தகடு ஒன்றை வைத்து, பின்னால் உள்ள உலோகப் பகுதிகளுக்குப் புலம் போகாமல் தடுத்துவிடுகிறார்கள்.

இதையெல்லாம் நான் கல்லூரியில் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். அன்று காலை அந்த மேசைமுன் இரண்டு நிமிடம் நின்றும் எனக்குத் தோன்றவில்லை. பட்டியல் வாசித்து முடிந்துவிட்டது. மதிப்பெண்ணை மாற்ற வழியில்லை. தலைமையாசிரியரிடம் சொல்லி, விழா முடிவதற்குள் அவனை மேடைக்கு அழைத்து, மர நாற்காலிமேல் கருவியை வைத்து விளக்கை எரித்துக் காட்டச் செய்தோம். அதன்பின் அவன் கேட்ட கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது: "தகட்டில் ஓட்டை போட்டால் எரியுமா சார்?"

நீங்கள் இதைச் செய்து பார்க்கலாம். சமையலறையில் உணவு பொதியும் அலுமினியத் தாளில், சுருளின் அளவுக்கு ஒரு வளையம் வெட்டுங்கள். அகலம் 2 சென்டிமீட்டர் இருக்கட்டும். வெட்டியதை ஓர் அட்டையில் ஒட்டி, இரண்டு சுருள்களுக்கும் நடுவே நுழையுங்கள். நடுவில் பெரிய ஓட்டை இருந்தும் விளக்கு மங்கும். வளையத்தைச் சுற்றி மின்னோட்டம் ஓட வழி இருக்கிறதே! இப்போது கத்திரிக்கோலால் வளையத்தை ஒரே இடத்தில் குறுக்கே வெட்டி, வெட்டு முனைகள் தொடாமல் சற்று விலக்கி வையுங்கள். அலுமினியம் அவ்வளவும் அங்கேயே இருக்கிறது. விளக்கைப் பாருங்கள்.

எல்லாம் பார்த்து முடிந்ததும் செல்களைக் கழற்றிவிடுங்கள். விளக்குச் சுருளை எடுத்து அப்பால் வைத்துவிட்டாலும் முதன்மைச் சுருள் துடித்துக்கொண்டேதான் இருக்கும். வாங்குவார் இல்லாதபோது அந்தப் பெரிய உதை முழுவதும் டிரான்சிஸ்டர் தலையிலேயே விழும். இரவு முழுவதும் அப்படியே விட்டால், காலையில் செல்லும் இராது, டிரான்சிஸ்டர் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.